நேர்த்தி வைக்காத மலை

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு யாருக்குப் போகும்? எங்கள் வீட்டில் அது பிள்ளைகளுக்கு. வால் துண்டு என் மனைவிக்கு. "எனக்கு வால்தான் விருப்பம்" என்று சொல்லுவாள். பதினைந்து வருடம் நான் அதை நம்பினேன்.

எங்களுக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்த மாமி வீட்டில் வழக்கம் வேறு. ஒரு முறை நடுத்துண்டு மகளுக்கு, அடுத்த முறை தாய்க்கு. ஒருநாள் என் மனைவி அங்கே சாப்பிடப் போயிருந்தாள். மகள் தட்டை நீட்டினாளாம். மாமி, "இண்டைக்கு என்ட நாள், புள்ள" என்று நடுத்துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டு, முள்ளை ஆறுதலாக எடுத்துவைத்துச் சாப்பிட்டாராம். அந்தப் பிள்ளையும் முகம் கோணாமல் தலைத் துண்டை எடுத்துக்கொண்டதாம்.

என் மனைவி கீழே வந்து, "பிள்ளைக்குக் குடுக்காமல் தான் எடுத்துத் தின்னுறா, பாருங்கோ" என்றாள். ஏதோ களவைக் கண்டதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

மாமியின் பெயரை நான் எழுதவில்லை. மாமி என்றாலே எங்கள் வீட்டில் அவர்தான். கனடாவில், மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் இருந்த அந்த மூன்று மாடி வீட்டில் கீழே நாங்கள், நடுவில் ஒரு ஹெயிட்டி நாட்டுக்காரர், மேலே மாமியும் மகளும். அவர்கள் மட்டக்களப்பு, நாங்கள் யாழ்ப்பாணம். மகளின் அப்பா எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. மாமியும் சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டுமான வீடு அது.

நாங்கள் எல்லோரும் ஒரு ஆசையைச் சொல்லும்போது அதற்கு ஒரு சட்டை போட்டுத்தான் வெளியே அனுப்புவோம். பிறந்தநாள் விழாவில் இருந்து எழும்பிப் போகவேண்டும் என்றால், "பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்போம். சனிக்கிழமை இரவு என்றாலும் அப்படித்தான் சொல்லுவோம். மாமி எழும்பி, "போதும், எனக்கு அலுத்துப்போச்சு. போயிட்டு வாறன்" என்று விழாக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குளிர்ச்சட்டையைப் போடுவார்.

ஒரு பங்குனி மாதம் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பனிக்கட்டி உடைந்து மிதந்து போவதைப் பார்ப்பதற்கு. அடுத்த நாள் பள்ளிக்குக் கடிதம் கொடுக்கவேண்டும்.

"காய்ச்சல் எண்டு எழுதுங்கோ" என்றாள் என் மனைவி.

"காய்ச்சல் இல்லையே அக்கா."

"ஓம், எண்டாலும் அப்பிடித்தானே எல்லாரும் எழுதுறது."

மாமி பிரெஞ்சில் எழுதினார்: ஆற்றில் பனிக்கட்டி போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, போனோம். பள்ளியில் இருந்து ஒரு தாள் வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் வரவில்லை என்று அதில் இருந்தது. மாமி அதை வாசித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட ஒருவர் ஒரு பெரிய மலைக்கு ஆசைப்பட்டால் என்ன நடக்கும்?

மாமிக்கு ஒரு சப்பாத்துப் பண்டகசாலையில் வேலை. மலை ஏறுகிறவர்கள் காலில் போடும் கனத்த சப்பாத்துகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் வேலை. ஏழு வருடம் செய்தார். கூட வேலை செய்த ஒரு கியூபெக் பெண் மலை ஏறுகிறவள். அவள் மாமியை முதலில் பக்கத்து மலைகளுக்கும், பிறகு பனிக்காலத்தில் உறைந்த நீர்வீழ்ச்சிக்கும் கூட்டிக்கொண்டு போனாள். கயிறு கட்டவும், பனிக்கோடரி பிடிக்கவும், சப்பாத்தில் இரும்பு முள் மாட்டி நடக்கவும் மாமி அங்கேதான் பழகினார். எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயோ போய் மூக்கு சிவந்து வருவார், அவ்வளவுதான்.

எங்களுக்குத் தெரியவந்தது வாசல் படியால்தான். எங்கள் வீட்டுக்கு மற்ற மொன்றியல் வீடுகளைப்போல வெளியே இரும்புப் படி. மாமி முதுகுப்பைக்குள் இரண்டு அரிசி மூட்டைகளைப் போட்டுக்கொண்டு அந்தப் படியில் ஏறி இறங்கத் தொடங்கினார். மூன்று மாடி ஏறுவார், இறங்குவார், திரும்ப ஏறுவார். முப்பது தரம், நாற்பது தரம். நடுமாடிக்காரர் பல்கனியில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் "போன்ஜூர் மடாம்" சொல்லிப் பார்த்தார். பத்தாவது சுற்றில் அவருக்குக் களைத்துப்போனது. உள்ளே போய்விட்டார்.

என் மனைவி கதவைத் திறந்து கேட்டாள். "என்ன தங்கச்சி, அரிசியைக் கடைக்குத் திருப்பிக் குடுக்கவோ?"

"இல்ல அக்கா. மலை ஏறப்போறன்."

"எந்த மலை, உந்த மவுண்ட் றோயலோ? அதுக்கு பஸ் போகுதே."

"இது மேற்கில, ஆல்பேர்ட்டாப் பக்கம். மேல முழுக்கப் பனிக்கட்டி. கோடையிலயும் உருகாது."

"உனக்கென்ன விசரே?"

"கொஞ்சம் இரிக்கு" என்றார் மாமி. பிறகு மூட்டையை இறக்காமலே சொன்னார். "ஏழு வருஷம் சப்பாத்து அடுக்கினன் அக்கா. எல்லாச் சப்பாத்தும் எங்கயோ போகுது. நான் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிறன். எனக்கும் போகவேணும் போல."

"பிள்ளை?"

"அவளிட்டத்தான் முதல் கேட்டன்."

அது உண்மை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தாயும் மகளும் மேசையில் இருந்து பேசி முடித்திருந்தார்கள். பெரிய மலையில் ஏறுகிறவர்கள் ஒரு நேரம் குறித்துக்கொண்டு போவார்களாம். அந்த நேரத்துக்குள் உச்சிக்குப் போக முடியாவிட்டால், எங்கே நிற்கிறார்களோ அங்கே இருந்து திரும்பவேண்டும். பிந்தினால் வெயில் பட்டுப் பனி இளகும், மேகம் வரும், இறங்கும்போதுதான் ஆபத்து. கூட ஏறப்போகும் வழிகாட்டி குறித்த நேரம் பகல் இரண்டு மணி. மாமி மகளிடம், "நீ ஒரு நேரம் சொல்லு" என்றிருக்கிறார். மகள் "ஒண்டு" என்றாள்.

"ஏன் ஒண்டு? அவர் ரெண்டு எண்டுறார்."

"ரெண்டெண்டா நான் ஒரு மணித்தியாலம் கூடப் பயப்படவேணும்."

மாமி ஒன்று என்றே ஒத்துக்கொண்டார். மகள் ஒரு தாளில் மணிக்கூடு வரைந்து, முள்ளை ஒன்றில் வைத்து, கீழே பிரெஞ்சில் "இங்கே திரும்பு" என்று எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள். மாமி போகும் நாட்களில் அவள் எங்களோடு நிற்பாள் என்று முடிவானது. என் மனைவி மூன்று நாள் முணுமுணுத்துவிட்டு நாலாம் நாள் அந்தப் பிள்ளைக்குப் புதுத் தலையணை வாங்கிவந்தாள்.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு வெட்கமான பகுதி இது. ஆனால் மாமியைப் பற்றி எழுதிக்கொண்டு இதை மறைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம் பார்க்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். கரண்டி அவர் கையில், அதோடு கதையும். என்னைக் கண்டதும் சோற்றைப் போட்டபடி கேட்டார்.

"தம்பி, உங்கட மேல்வீட்டுக்காரி மலையில ஏறிச் சாகப் போறாவாமே?"

"சாகப் போகேல்ல அக்கா. ஏறத்தான்."

"தகப்பனும் இல்லாத பிள்ளை. தாயோ அவள்? பிள்ளை பாதுகாப்புக்காரருக்கு ஒரு ஃபோன் அடிச்சுச் சொன்னாத்தான் சரிவரும். நான் சொல்லத்தான் போறன்."

பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். மேலே இருக்கிற அந்தச் சின்னப் பிள்ளையை யாரோ கூட்டிக்கொண்டு போவதுபோல ஒரு படம் கண்ணில் வந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அது நேர்த்தி. பிள்ளை சின்னனில சுகமில்லாமல் கிடந்தபோது வைச்சது."

நேர்த்தி என்றால் சாமிக்குக் கொடுக்கும் வாக்கு. பிள்ளை சுகமானால் காவடி எடுப்பேன், கோயிலுக்கு நடந்து வருவேன் என்று வைப்பார்கள். சொன்னதைச் செய்தே ஆகவேண்டும்.

அக்காவின் முகம் அப்படியே மாறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். "முருகா. அதைச் சொல்லாமல் இருந்திட்டீங்களே தம்பி. மட்டக்களப்பெண்டா கதிர்காமத்து முருகனிட்டக் காட்டுவழியால நடந்து போற சனத்தின்ர ஊரல்லோ. நேர்த்தி இல்லாமல் ஒரு தாய் மலை ஏறுவாளோ?"

எனக்கு இரண்டாம் தரம் பாயசம் கிடைத்தது.

அடுத்த வெள்ளிக்குள் பொதிகள் வரத் தொடங்கின. மலை உச்சியில் வைக்கச் சொல்லி விபூதிப் பொட்டலம், சந்தனம், மஞ்சள் துணியில் முடிந்த காசு, பரீட்சை எழுதுகிற மகனின் பெயர் எழுதிய தாள், ஒரு செப்பு வேல். அன்னதான அக்கா ஒரு முழுத் தேங்காய் தந்தார். "உச்சியில உடைக்கச் சொல்லுங்கோ." எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

மாமி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் குறையும். அன்று காதைக் கொடுத்துத்தான் கேட்டேன்.

"அண்ணன், நேர்த்தி எண்டா என்ன? சாமிக்குக் குடுத்த சொல்லு. உசிர் போனாலும் முடிக்கவேணும். மலையில அப்படி நினைக்கிற ஆக்கள்தான் சாகிற. நான் ஆசைக்குப் போறன். ஆசையெண்டா, காணும், போதும் எண்டு திரும்பலாம். புள்ளைக்கு ஒரு மணி எண்டு சொல்லியிருக்கன். ரெண்டு பேருக்குச் சொல்லுக் குடுக்க ஏலா."

"தங்கச்சி, அவை ஃபோன் அடிச்சுச் சொல்லிப்போடுவினம் எண்டு பயந்துதான்…"

"சொல்லட்டும். வந்து கேக்கட்டும். புள்ள எங்க நிப்பாள், ஆர் பாப்பாங்க, எத்தின மணிக்குத் திரும்புவன், எல்லாம் நான் சொல்லுவன். என்ட ஆசைக்கு நான் பொய் சொல்லமாட்டன்." பையை என் கையில் திருப்பித் தந்தார். "இது நீங்க கொண்டுவந்தது. உங்கட வீட்டில இரிக்கட்டும்."

இரண்டு நாளில் மாமி புறப்பட்டுவிட்டார். தேங்காய் எங்கள் பிரிட்ஜின் மேல் உட்கார்ந்திருந்தது.

மலையில் தொலைபேசி வேலை செய்யாது. வழிகாட்டியிடம் உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருந்தது. முதலே எழுதிவைத்த செய்தியை மட்டும் அதிலிருந்து அனுப்பலாம். மாமி ஒரே சொல் எழுதிவைத்திருந்தார்: திரும்புறன்.

என் மகன் மாமியின் மகளைக் கேட்டான். "ஏறிட்டன் எண்டும் ஒண்டு எழுதியிருக்கலாமே?"

"அது எனக்குத் தேவையில்ல" என்றாள் அவள்.

மாமி மலை ஏறிய நாள் பகல் ஒரு மணி அடித்தது. செய்தி வரவில்லை. ஒன்றேகால். என் மனைவி சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தினாள். ஒன்றரை. நான் கைத்தொலைபேசியை அணைத்து மீண்டும் போட்டேன். "அப்பவே சொன்னனான்" என்று என் மனைவி கண்ணைத் துடைத்தாள். மேசையில் இருந்து படம் வரைந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளை எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

"அம்மா சொன்னது அங்கத்த நேரம். அங்க இப்ப பதினொண்டரை."

எங்கள் மணி மூன்று ஆவதற்கு இரண்டு நிமிடம் இருந்தபோது செய்தி வந்தது. திரும்புறன். பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு என் மனைவியிடம், "பசிக்குது மாமி" என்றாள். காலையில் இருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

மாமி உச்சிக்குப் போகவில்லை. வந்து சொன்னார். இரவு பெய்த புதுப்பனியால் பாதை மெதுவாகிவிட்டதாம். ஒரு மணிக்கு உச்சி கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகத் தெரிந்ததாம். வழிகாட்டி, இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, முக்கால் மணியில் போய்விடலாம் என்றாராம். "உங்கட மணி ரெண்டு. என்ட மணி ஒண்டு எண்டன். அவர் ஒரு மாதிரிப் பாத்தார். நான் திரும்பி நடக்கத் தொடங்கிட்டன். ஒரே கயிறுதானே, அவரும் வரவேணும்."

"மனவருத்தமா இல்லையோ தங்கச்சி?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஏன் இல்ல? இறங்கக்குள்ள அழுதுகொண்டுதான் இறங்கின. கண்ணாடிக்குள்ள எல்லாம் தண்ணி."

அந்த வெள்ளி மாமி கோயிலுக்கு வந்தார். துணிப்பையை எங்கள் வீட்டில் இருந்து தானே எடுத்து வந்தார். சாப்பாட்டு மண்டபத்தில் நின்று, ஒவ்வொருவராகத் தேடிப் போய் அவரவர் பொதியை அவரவர் கையில் கொடுத்தார். "இது உங்கட. நான் கொண்டுபோகயில்ல. நான் நேர்த்தி வைக்கயில்ல. ஆசைக்குப் போனன். நேரம் முடிஞ்சுது, திரும்பி வந்தன்." எல்லோரிடமும் அதே வார்த்தைகள். செப்பு வேல் தந்தவர் வாங்கிக்கொண்டு அழுதார்.

அன்னதான அக்கா தேங்காயைத் தொடவில்லை. "நேர்த்தியை முடிக்காமல் வந்திட்டு இப்ப வைக்கேல்லையாமோ? அப்ப ஆர் சொன்னது நேர்த்தி எண்டு?"

அக்கா என்னைப் பார்த்தார். மாமி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. நான் என் காலுறையில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டவர்கள் எல்லோரும், மாமி நேர்த்தி வைத்து, முடிக்காமல் வந்து, இப்போது மறுக்கிறார் என்றே நினைத்தார்கள். பிள்ளைக்கு ஏதாவது நடக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார்.

மாமி தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, கீழ்ப்படியின் இரும்பில் ஒரே போடாய்ப் போட்டு உடைத்தார். அன்று இரவு எங்களுக்கும் ஒரு கிண்ணம் தேங்காய்ச் சம்பல் வந்தது. "நல்ல தேங்காய் அண்ணன். வீணாக்கக் கூடாது." அவர் என்னோடு கோபமாகவே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. சம்பலை விட.

அடுத்த வைகாசியில் அரிசி மூட்டைகள் மறுபடியும் படி ஏறின. படியில் இருந்த துருவைச் சுரண்டி, ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியை இறுக்கிவைத்தேன்.

கோயிலில் அக்கா பிடித்துக்கொண்டார். வரிசை நீளமாக இருந்தது. "தம்பி, திரும்பவும் போறாவாமே. விட்ட நேர்த்தியை முடிக்கவோ?"

சொல்ல வசதியான இடம் அது. ஓம் என்றால் போதும். மறுபடியும் பாயசம்கூடக் கிடைத்திருக்கும்.

"நேர்த்தி இல்லை அக்கா. ஆசை. போன வருஷமும் ஆசைதான். நேர்த்தி எண்டது நான் சொன்ன பொய். அவவுக்கு அதில பங்கில்லை."

எனக்குக் குரல் பெரிது. மண்டபம் முழுவதும் கேட்டுவிட்டது.

"கோயிலுக்க நிண்டு பொய் சொன்னனீரோ?"

"ஓம்."

"ஆசைக்கெண்டு பிள்ளையை விட்டிட்டு மலைக்குப் போறவளை நான் சும்மா விடமாட்டன். ஃபோன் அடிச்சுச் சொல்லுவன்."

"சொல்லுங்கோ. விலாசம் நானே தாறன். பிள்ளை எங்கட வீட்டிலதான் நிப்பாள். கீழ் வீட்டு மணியை அடிக்கச் சொல்லுங்கோ."

அக்கா சோற்றைப் போட்டார். குழம்பு ஊற்ற மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை. வெறும் சோற்றை நான் முழுவதும் சாப்பிட்டேன்.

யாரும் வந்து எங்கள் மணியை அடிக்கவில்லை. மாமி ஏறிய நாள், மேசையில் இரண்டு மணிக்கூடுகள் வரைந்த தாள் இருந்தது, ஒன்று அங்கத்தையது, ஒன்று இங்கத்தையது. அதை மகள் எங்களுக்காகத்தான் வரைந்தாள். இங்கே பன்னிரண்டரை தாண்டியதுமே செய்தி வந்துவிட்டது. திரும்புறன்.

"இவ்வளவு வெள்ளனவோ?" என்றாள் என் மனைவி. "ஏலாமல் போச்சோ, இல்லாட்டி ஏறிட்டாவோ?"

"அம்மா திரும்பிட்டா" என்றாள் பிள்ளை. பாண் துண்டில் ஜாம் பூசத் தொடங்கினாள்.

பின்னேரம் அன்னதான அக்கா தொலைபேசி எடுத்தார். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. அவருக்கும் மனம் இருக்கிறதுதானே. "தம்பி, என்னவாம்? உச்சிக்குப் போனாவோ?"

"திரும்பிட்டா அக்கா."

"அது சரி. போனாவோ?"

"திரும்பிட்டா எண்டு சொல்லுறன்."

"சரி, சரி. அதுதானே வேணும்" என்று வைத்துவிட்டார்.

மாமி உச்சிக்குப் போயிருந்தார், பிள்ளைகளே. அங்கத்தைய நேரம் பத்தரைக்கு. ஐந்து நிமிடம் நின்றாராம். சரியான காற்றாம். அங்கே ஒன்றும் வைக்கவில்லையாம். "வைக்க என்ன இரிக்கு? பாத்தன், திரும்பினன்."

இரண்டு வருடம் கழித்து மாமியும் மகளும் அந்த மலைகளின் பக்கமே வீடு மாறிப் போய்விட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, வேலை என்றோ பள்ளி என்றோ அவர் சொல்லவில்லை.

அதற்கு முன்பு, மாமி உச்சிக்குப் போய்வந்த அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. பெரிய மீன். என் மகன் வழக்கம்போலத் தட்டை நீட்டினான். என் மனைவி கரண்டியால் நடுத்துண்டை எடுத்தாள். எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தன் தட்டில் போட்டாள்.

"இண்டைக்கு என்ர நாள்" என்றாள்.

மகன் என்னைப் பார்த்தான். மாமி தன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வால் துண்டை எடுத்துக்கொண்டேன்.

அதில் முள் அதிகம், பிள்ளைகளே. அதுதான் விருப்பம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.